எட்டு மணி வெளிச்சம்

முதலில் அது கதவுப் பக்கமிருந்துதான் வந்தது என்று ஃப்ளேவியாவுக்குத் தோன்றியது. இருட்டிய பிறகு அந்த மாடி வீட்டில் கேட்கிற சத்தங்களில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அவள் நினைத்திருந்தாள். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் முக்குத் திரும்பும்போது அலமாரியில் டம்ளர்கள் நடுங்குவது, கீழ்வீட்டுத் தகரக்கூரையில் முருங்கைக்காய் விழுவது, படியில் ஏறி இறங்குகிற கடுவன் பூனை, எல்லாம் மனப்பாடம். இது அந்தக் கணக்கில் சேரவில்லை. எங்கேயோ அடைபட்ட கோழி தகரத்தில் இறக்கையை அடித்துக்கொள்வதுபோலப் படபடவென்று கேட்டது, நின்றது, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கியது. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து மகள் சில்விக்குப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள், பிசைந்த கை அப்படியே நிற்க, கதவைப் பார்த்தாள். கதவுக்கு முட்டுக்கொடுத்த எவர்சில்வர் குடம் வைத்த இடத்தில் இருந்தது. குடத்தின் வாயில் கவிழ்த்த டம்ளரும் இருந்தது. யாராவது கதவைத் தள்ளினால் டம்ளர் விழும், டம்ளர் விழுந்தால் சத்தம் கேட்கும், சத்தம் கேட்டால்... அதற்கப்புறம் என்ன செய்வது என்று அவள் ஒருநாளும் யோசித்து முடித்ததில்லை. யோசனை எப்போதும் டம்ளரோடு நின்றுவிடும். போன வாரம் ஒருத்தன் குடித்துவிட்டுப் படியேறி வந்து, "அந்தோணி, கதவத் தொறலே, ஏ அந்தோணி" என்று கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றான். இங்கே அந்தோணி என்று யாரும் இல்லை என்று சொல்லவும் முடியாது. சொன்னால் உள்ளே இருப்பது ஒரு பொம்பளை என்று தெரிந்துபோகும். பிள்ளையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு, மாதாவுக்கான அருள்நிறை மந்திரத்தை "இப்பொழுதும்" வரை சொல்லி, அதற்கடுத்து மரணம் என்று வருகிற இடத்தில் வாய் வராமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்தே தொடங்கிக்கொண்டிருந்தாள். கதவின் மேல்பக்கத்தில் தாழ்ப்பாள் இருந்தது. நல்ல கனமான இரும்புத் தாழ்ப்பாள், கை எட்டுகிற உயரம். அன்றைக்கும் அவள் அதைப் போடவில்லை. போட முடியாது. பூட்டை வெளியிலிருந்து திறக்கப் புருசன் லிகோரியிடம் ஒரு சாவி இருக்கிறது. தாழ்ப்பாளுக்கு வெளியில் யாரிடமும் சாவி கிடையாது.

ஷார்ஜாவில் இருக்கிற புருசனுக்காகத் தூத்துக்குடியில் தாழ்ப்பாள் போடாமல் படுக்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவேண்டிய இடம், வரவில்லை. சில்வி கைக்குழந்தையாக இருந்தபோது லிகோரி ஒருதரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். நல்ல மழை. பிள்ளை பகலெல்லாம் அழுது அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது, கூடவே இவளும். தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவர் சாவி போட்டுப் பார்த்திருக்கிறார், தட்டியிருக்கிறார், கூப்பிட்டிருக்கிறார். எழுந்து திறந்தபோது அவர் கையில் இருந்த கரடி பொம்மையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "உள்ள யாரு இருந்தா, இவ்வளவு நேரம் ஆவுது கதவத் தொறக்க?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சிரிப்புதானே அது? அந்தச் சிரிப்பை அவள் எத்தனையோ தரம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள், சில நாள் அது சிரிப்பாகவே இருக்கும், சில நாள் பல் மட்டும் தெரியும். "மறுபடியும் ஒருநா இப்படித்தான் சொல்லாம வருவேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். அதிலிருந்து தாழ்ப்பாள் இல்லை. குடமும் டம்ளரும்தான். படபடப்பு மறுபடி கேட்டது, இப்போது தெளிவாக முன்னறையிலிருந்து. "ம்மா, சோ" என்றது சில்வி. முன்னறை இருட்டில், மூலையில், மேசை இருக்கிற இடத்தில், சுவரெல்லாம் ஒரு வெளிச்சம் மெல்லப் பரவியது. ஃப்ளேவியா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. எட்டு மணி. அவர்தான். வந்துவிட்டார்.

அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டதும் லிகோரிதான். இவள் வீட்டிலிருந்து பார்க்கிற வேலைக்கு, அதாவது எங்கேயோ அயல்நாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவுபண்ணி அனுப்புகிற நோயாளிக் குறிப்புகளைக் காதில் கேட்டுக்கேட்டு டைப் அடிக்கிற வேலைக்கு, நல்ல கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. "உனக்கு ஒண்ணும் தெரியாண்டாம், நீ அடிச்சா மட்டும் போதும், மத்ததெல்லாம் நான் அங்கயிருந்தே பாத்துக்கிடுதேன்" என்று ஒரு புரோகிராமைப் போட்டுவிட்டுப் போனார். அதன் வழியாக அவர் அங்கே மவுஸை நகர்த்தினால் இங்கே அம்பு நகரும். முதல்நாள் அது நகர்ந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. யாருமில்லாத அறையில், யாரும் தொடாத மவுஸ், அம்பு மட்டும் திரையில் மெதுவாக, வீட்டுக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளை மாதிரி, இங்கே அங்கே போய் நின்று நின்று நகர்ந்தது. பிறகு ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. சாப்டியா. அவளும் அதிலேயே அடித்தாள். ஆச்சு. நீங்க? ஒரே பக்கத்தில் இரண்டு பேர் கையும். போனில் பேசுவதைவிட அது என்னவோ நெருக்கமாக இருந்தது, ஒரே தட்டில் சாப்பிடுவதுபோல. வேலை முடிந்து அவர் எட்டு மணிக்கு வருவார், அப்டேட் ஏதாவது இருந்தால் போடுவார், வேண்டாததை எடுப்பார், திரை நீலமாகி வட்டம் சுற்றும். "வட்டம் சுத்துறப்ப தொடாதட்டி, நான் வேல பாத்துக்கிட்டிருக்கேன்னு அர்த்தம்" என்பார். அவள் தொடமாட்டாள். கான்வென்டில் படித்தவள், தொடாதே என்றால் தொடமாட்டாள், ஏன் என்றும் கேட்கமாட்டாள். கேட்டது ஒரே ஒரு தரம்தான். பனிமய மாதா திருவிழாவுக்கு முந்தின நாள். ஆபீஸ் சூப்பர்வைசர், கல்யாணமாகிப் பேரன் எடுக்கப்போகிற மனுசன், ராத்திரி நீ முடித்துக் கொடுத்ததால் மானம் தப்பியது, தேங்க்ஸ்மா என்று அனுப்பியிருந்தது திரையில் கிடந்தது. எட்டு மணிக்கு வந்தவர் அதைப் பார்த்தார். உடனே போன். "ராத்திரி என்ன முடிச்சுக் குடுத்த?" அவள் சொன்னாள். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். மூன்றாம் தரம் கேட்டபோது, "நீங்க என்ன, போலீசா?" என்று கேட்டுவிட்டாள். அவர் நிதானமாக, "பேசு. நான் பேசுனாலும் பேசாட்டாலும் இங்கயிருந்தே எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்தது வைத்ததுதான். ஆகஸ்ட் போய், மழைக்காலம் வந்து, கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்ட ஆரம்பித்தாகிவிட்டது. அவள் போன் பண்ணினால் அவர் எடுப்பதில்லை. மணப்பாட்டிலிருக்கிற மாமியாரிடம் கேட்டால், "அவன் நல்லாத்தான் இருக்கான், ஞாயித்துக்கெழம பேசுனான், ஒன்ட்டப் பேசலையா?" என்று அந்தக் கடைசி வார்த்தையை இழுப்பாள். ஆனால் எட்டு மணி தவறியதில்லை. அவள் ஆறு மணிக்கு வேலை முடித்து உறங்கவைத்துவிட்டுப் போகிற கம்ப்யூட்டர் எட்டு மணிக்குத் தானாக விழிக்கும். திரை வெளிச்சமாகும், நீலமாகும், வட்டம் சுற்றும். பேசாட்டாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். சொன்ன சொல் மாறவில்லை.

பயம் அதுதான், ஆறுதலும் அதுதான், எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கு இந்த நாலு மாதத்தில் பிடிபடவேயில்லை. மானிட்டர் தலையில் உட்கார்ந்திருக்கிற காமிராவின் கண்ணில் ஒரு வட்டப் பிளாஸ்திரியை ஒட்டினாள். சில்விக்குத் தடுப்பூசி போட்ட அன்றைக்கு நர்ஸ் கொடுத்தது, ஒரு முயல் படம் போட்டது. அந்த அறையில் சேலை மாற்றுவதை விட்டாள். போனில் சிரிப்பதை விட்டாள். எட்டு மணிக்கு யாரும் போன் பண்ணவேண்டாம் என்று அம்மாவிடம்கூடச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பெர்னதெத் சொல்வார்கள், "விளக்கு அணைஞ்ச பிறகும் ஒழுங்கா படுங்க பிள்ளைகளா, யாரும் பாக்கலைன்னு நினைக்காதீங்க, உங்க காவல் சம்மனசு, கடவுள் அனுப்புன தேவதூதர், கட்டில் ஓரத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்கு." போர்வைக்குள் கால் மடக்கிப் படுக்கக்கூட வெட்கமாக இருக்கும். அந்தப் பழக்கம், யாரோ பார்க்கிறார்கள் என்றால் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது. ஆனால் அதே பழக்கம்தான் இன்னொன்றையும் செய்யவைத்தது. ஒருநாள் எட்டு மணி அடிக்கிற நேரத்தில், சில்வி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. முதல்தரம். ஃப்ளேவியா ஓடிப்போய் பிளாஸ்திரியை உரித்தாள். நாற்காலியோடு பிள்ளையை மானிட்டர் முன்னால் இழுத்து நிறுத்தினாள். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. "பாருங்க" என்றாள், அவர் சத்தம் கேட்பாரோ மாட்டாரோ தெரியாது, "இங்க பாருங்க, ஒங்க மவ." அதற்கப்புறம் பிளாஸ்திரி சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. கோபமாக இருந்தால் ஒட்டுவாள். பயமாக இருந்தால் ஒட்டுவாள். அழுகை வந்தால் உரித்துவிடுவாள், அழுவதையும் பார்க்கட்டும் என்று. கல்லறைத் திருநாள் அன்றைக்குப் பிள்ளை நாலடி நடந்து இவள் மடியில் விழுந்ததையும் அந்த நீலத்துக்கு முன்னால்தான் நடத்திக் காட்டினாள். ஒருநாள் அம்புகூட நகர்ந்தது. சத்தியமாக நகர்ந்தது. துளிதான், ஒரு நகக்கண் அளவு, சில்வி கையாட்டிய பக்கமாக. அன்றைக்கு முழுவதும் அவள் வாயில் ஏதோ ஒரு ஞானப்பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது.

இன்றைக்கு நீலம் இல்லை, வட்டமும் இல்லை. சில்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு, எச்சில் கையை முந்தானையில் துடைத்தபடி முன்னறைக்கு வந்து பார்த்தபோது மேசைக்கடியில் இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. திரை நடுவில் ஒரு சதுரம். சதுரத்துக்குள் இங்கிலீஷ். கண்ணில் பட்டதை முற்றுப்புள்ளி வரைக்கும் வாசித்து முடிப்பது அவள் வழக்கம். அப்டேட்டைத் தொடர முடியவில்லை என்றது அது. இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிற ஒரு புரோகிராம் புதியதோடு ஒத்துப்போகவில்லை, அதை நீக்கினால்தான் மேற்கொண்டு போகமுடியும். கீழே அந்தப் புரோகிராமின் பெயர். லிகோரி போட்ட புரோகிராம். அவர் வருகிற வழி. பக்கத்தில் இரண்டு கட்டங்கள், நீக்கு, பிறகு பார்க்கலாம். இதை அவர்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றியது முதலில். நீக்கு என்கிறார். ஒத்துப்போகவில்லை என்கிறார். நேரில் சொல்ல வாய் வராமல் இப்படி, இங்கிலீஷில், கம்பெனி எழுதுகிற மாதிரி. இல்லை, இது மெஷின் எழுதுவது, கம்ப்யூட்டர் எல்லாருக்கும் இப்படித்தான் எழுதும். ஆனால் இன்றைக்கு ஏன்? நாலு மாதமாக வராதது இன்றைக்கு ஏன்? சோதித்துப் பார்க்கிறாரோ? நீக்கு என்பதை அழுத்துகிறாளா என்று அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாரோ? அழுத்தினால், ஓகோ, மறைக்க ஏதோ இருக்கிறது. அழுத்தாவிட்டால் நாளைக்கு வேலை இல்லை. ஆபீஸில் புது டைப்பிங் சாஃப்ட்வேருக்கு மாறுகிறார்கள், அப்டேட் ஆகாத கம்ப்யூட்டரில் அது இன்ஸ்டால் ஆகாது, காலையில் உள்ளே நுழைய முடியாதவர்களின் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார்கள். மத்தியானம் முழுக்க அவள் அதை இன்ஸ்டால் பண்ணிப் பார்த்தாள், பாதியில் நின்றது, ரீஸ்டார்ட் பண்ணினாள், மறுபடி பாதியில் நின்றது. எட்டு மணிக்கு அவர் வந்தால் சரிபண்ணிவிடுவார் என்று மனசின் ஒரு ஓரம் நம்பிக்கொண்டு சும்மா இருந்துவிட்டது. பாரு, அவரை நினைத்துப் பயந்துகொண்டே அவரைத்தான் நம்பியிருக்கிறாய். அவள் கை மவுஸ்வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். முயல் இருந்தது. போனை எடுத்து இசக்கியக்காவைக் கூப்பிட்டாள்.

இசக்கியக்கா ஆபீஸில் கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கிறவள். பாளையங்கோட்டையில் இருக்கிறாள், ஃப்ளேவியா அவள் முகத்தைப் பார்த்ததில்லை, குரல்தான், எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கிற குரல். "சொல்லுட்டி. என்ன, ஒன் பெட்டி சாமியாடுதா?" "ஆமாக்கா, படபடன்னு அடிச்சிக்கிடுது." "தூசி அடஞ்சிருக்கும், உள்ள ஃபேன் தட்டுது. ஒங்க ஊரு உப்புக்காத்துக்கு மனுச எலும்பே துருப்பிடிக்கும். ஒரு தட்டுத் தட்டு, நின்னுரும். திரையில என்ன போட்டிருக்கு? வாசி, ஒன் கான்வென்ட் இங்கிலீஷக் கேட்டு நாளாச்சு." பெட்டியின் பக்கவாட்டில் தட்டினாள். நின்றது. இவ்வளவுதானா? வாசித்தாள். அந்தப் பக்கம் மெல்லுவது நின்றது. "இது நாங்க போட்டது இல்லையே. யாரு போட்டா?" "சில்வி அப்பா." "அதானே. வீட்டுக்கு வீடு இதே கததான். ஒண்ணப் போட்டுட்டு ஏரோப்ளேன் ஏறிருவானுவ, பொறவு இசக்கி கெடந்து சாவணும். அது பழசுட்டி, புது அப்டேட்டுக்கும் அதுக்கும் ஆவாது. அப்டேட்டு பாதி வர போவும், இதப் பாத்து முட்டிக்கிட்டு, போட்டதெல்லாம் கழத்திக்கிட்டுத் திரும்பி வந்துரும். மறுநாளும் போவும், திரும்பி வரும். பல நாளா நடந்திருக்கும், பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டுத்தான் இன்னைக்கு ஒங்கிட்ட வாயத் தொறந்து கேட்டிருக்கு. தெனமும் ராத்திரி தானா முழிச்சிருக்குமே, நீ பாக்கல?" தானா என்ற சொல் ஃப்ளேவியாவின் காதுக்குள் போய் எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றது. "தானாவாக்கா?" "பின்ன, பேயா வந்து எழுப்பும்? பகல்ல நீ வேல பாக்கப்ப அப்டேட்டு வந்து தொந்தரவு பண்ணப்பிடாதுன்னு யாரோ நேரம் குறிச்சு வச்சிருப்பாவ. எத்தன மணிக்கு முழிக்கி?" "எட்டு." "எட்டுக்குன்னு யாரோ வச்சிருக்காவ. யாரு வச்சா?" "அவருதான்." "நல்ல மனுசந்தான் போ, பொண்டாட்டி வேல கெடக்கூடாதுன்னு பாத்துப் பாத்து வச்சிருக்கான்." அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது, வயிற்றில் சில்வி இருந்தது, அவர் குனிந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டே, "எட்டு மணிக்கு மேல இந்த வீட்டுல ஒனக்கு வேல கெடையாது, அது எனக்குள்ள நேரம்" என்று இவள் மூக்கைப் பிடித்து ஆட்டினார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்." "கேளேன்." "இது வழியா ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனா, நமக்குத் தெரியுமா?" இசக்கியக்காவின் குரல் சட்டென்று மாறியது. "எவனாவது உள்ள பூந்துட்டானா? பயப்படாதட்டி. அந்தப் புரோகிராமத் தொற. அடியில, கடைசியா என்னைக்கு வந்தாவன்னு சின்ன எழுத்துல கெடக்கும்." திறந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி. ஆகஸ்ட் நாலு. பார்த்துக்கொண்டேயிருந்தாள். நாலு, ஆகஸ்ட். திருவிழாவுக்கு முந்தின நாள். நீங்க என்ன, போலீசா. "என்னட்டி போட்டிருக்கு?" சொன்னாள். "அப்ப அதுக்கப்புறம் ஒரு ஈ காக்கா வரல. நிம்மதியா இரு. நான் என்னமோ ஏதோன்னு பதறிட்டேன்." நிம்மதி என்ற சொல்லை ஃப்ளேவியா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், அதற்கு எடையே இல்லை. "வரப் பாத்து, முடியாமப் போயிருக்குமோக்கா? ஒத்துப்போகலன்னு போட்டிருக்கே. அவரு வந்து வந்து பாத்து, தொறக்காம..." மறுமுனையில் ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம். பிறகு இசக்கியக்கா, இதுவரைக்கும் கேட்காத ஒரு சின்னக் குரலில், "வழி அடச்சிருந்தா, போன் ஒண்ணு இருக்குல்லட்டி" என்றாள். சற்றுக் கழித்து, "அதெல்லாம் எதுக்கு இப்ப. எடுத்துரு. அத எடுத்தாத்தான் இது உள்ள வரும். புள்ள சாப்டுட்டாளா?" "சாப்டுட்டிருக்கா." "சரி, வை. முடிஞ்சதும் ஒரு மெசேஜ் போடு, நான் முழிச்சிருப்பேன்." ஃப்ளேவியா வைக்கவில்லை. "அக்கா, ஒருநா அம்பு நகந்துச்சே. நான் பாத்தேன், ஆரும் தொடல, நகந்துச்சு." "லாரி ஏதும் போயிருக்கும்," என்றாள் இசக்கியக்கா, "மேச ஆடியிருக்கும் தாயி."

டம்ளர் நடுங்குகிற லாரி. மேசையும் நடுங்கத்தானே செய்யும். எத்தனை தடவை நடுங்கியிருக்கிறது, கை வைத்து உணர்ந்திருக்கிறாள், ஆனாலும் அன்றைக்கு அதை நினைக்கவேயில்லை. சில்வி கையாட்டிய பக்கமாக என்றுதான் நினைத்தாள். அப்படியானால் யாரும் இல்லை. ஆகஸ்டில் இல்லை, செப்டம்பரில் இல்லை. சேலை மாற்றாத அறையில் யாரும் இல்லை. சிரிக்காமல் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அன்றைக்குப் பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்து, "ஒங்களுக்கெல்லாம் கல்லு மனசுய்யா" என்று அந்தக் கண்ணாடிக் கண்ணைப் பார்த்துக் கத்தினாளே, பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும், அது கேட்கவேண்டிய இடத்தில் ஒரு பெட்டி தன் பாட்டுக்கு ஏதோ இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தது. நாலடி நடந்து மடியில் விழுந்தது சில்வி. பாருங்க என்று யாரிடம் சொன்னாய்? பயம் போயிருக்கவேண்டும். இனி யாரும் பார்க்கவில்லை, நினைத்ததைச் செய்யலாம், சிரிக்கலாம், சேலை மாற்றலாம். பயம் இருந்த இடத்தைத் தேடிப்போய்க் கையை விட்டால், அது இல்லை, ஆனால் அது இருந்த பள்ளம் இருக்கிறது, பல் பிடுங்கின இடத்துக்கு நாக்கு போவதுபோல நினைவு போய்ப்போய்த் தொட்டுவிட்டு வருகிறது. பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றவர் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. சந்தேகப்படக்கூட வரவில்லை. சந்தேகப்படுகிறவனாவது நம்மை நினைத்துக்கொண்டிருக்கிறான். சிஸ்டர், கட்டில் ஓரத்தில் ஒருத்தரும் நிற்காமல் இருந்தால் என்ன செய்யவேண்டும் என்று நீங்கள் சொல்லித்தரவில்லையே. தினமும் எட்டு மணிக்கு வந்தது அவர் இல்லை, அவர் எப்போதோ சொல்லிவைத்த சொல். சொன்னவர் மறந்த பிறகும் பெட்டி மறக்கவில்லை; எழுந்து, முட்டி மோதி, முடியாமல், போட்டதையெல்லாம் கழற்றிக்கொண்டு, மறுநாள் மறுபடி எழுந்தது. இந்த வீட்டில் எட்டு மணிக்காகக் காத்திருந்தது நீ மட்டும் இல்லையடி ஃப்ளேவியா, இரண்டு பேர்.

சில்வி தோளில் தலையைப் போட்டுவிட்டது, வாயோரத்தில் பருப்பு காய்ந்திருந்தது. ஃப்ளேவியா ஒரு கையால் மவுஸைப் பிடித்து நீக்கு என்பதன்மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அழுத்திவிட்டால் நாளைக்கு அவர் மனசு மாறினால்? வர வழி இருக்காதே. சாப்டியா என்று எழுத வெள்ளைப் பக்கம் இருக்காதே. போன் இருக்குல்லட்டி. போன் இருக்கிறது, சாவி இருக்கிறது, மணப்பாட்டுக்குப் பேசத் தெரிகிற வாய் இருக்கிறது, எல்லா வழியும் திறந்துதான் கிடந்தது நாலு மாதமாக, மழையிலும் திறந்துதான் கிடந்தது. அழுத்தினாள். நிச்சயமாகத்தானா என்றது. ஆம். அது போகிற போக்கில் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து வைத்து, நீங்கள் எங்களை விட்டுப் போவதில் வருத்தம், காரணம் சொல்லமுடியுமா என்று மரியாதையாகக் கேட்டது. சரியாக வேலை செய்யவில்லை. வேறு நல்லது கிடைத்துவிட்டது. இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் அவள் எந்தப் பரீட்சைத் தாளையும் விட்டதில்லை. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். நன்றி என்று வந்தது. நாலு மாதத்தில் அந்தத் திரை அவளிடம் கேட்டதும் இதுதான், அவள் சொல்லி அது கேட்டுக்கொண்டதும் இதுதான்.

பிறகு நீலம் வந்தது. வட்டம் சுற்றியது. பத்து சதவீதம், இருபது. சில்வியைப் பாயில் கிடத்தி வாயைத் துடைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், வட்டம் சுற்றும்போது அவ்வளவு பக்கத்தில் அவள் உட்கார்ந்ததில்லை. யாரும் வேலை பார்த்துக்கொண்டிருக்கவில்லை, வட்டம் சும்மா வட்டம்தான், இருந்தாலும் கையை மேசைமேல் வைக்க மனசு வரவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். முப்பதுக்குமேல் எப்போதும் நின்றுபோகிற இடம் வந்தது. நிற்கப்போகிறது என்று நினைத்தாள். நிற்கவேண்டும் என்று நினைத்தாளா? தெரியவில்லை. அது நிற்கவில்லை, நாற்பது என்றது, யாரும் வழிமறிக்காத தெருவில் போகிறதுபோலப் போய்க்கொண்டேயிருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. முக்கில் லாரி திரும்பியது, டம்ளர்கள் நடுங்கின, குடத்தின்மேல் இருந்த டம்ளரும் ஒரு தரம் கிணுங்கி அடங்கியது. வாசல் பக்கம் ஏதோ உரசியது. பூனைதான். பூனையாகத்தான் இருக்கவேண்டும். கீழ்வீட்டுக்காரர்கள் சாவுக் கேதத்துக்குப் போனவர்கள் நாளைக்குத்தான் வருவார்கள், இந்தக் கட்டிடத்தில் இன்றைக்கு இவளும் பிள்ளையும்தான். அந்தோணி, கதவத் தொறலே. அவன் மறுபடி வந்தால்? டம்ளர் விழும். டம்ளர் விழுந்தால் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால்... அவள் எழுந்தாள்.

டம்ளரை எடுத்தாள். குடத்தை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தினாள். இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் ஒரு வட்டம் ஈரமாகப் படிந்திருந்தது. தாழ்ப்பாளைப் பிடித்துத் தள்ளினாள். நகரவில்லை. உப்புக்காற்று தின்று வைத்திருந்தது, தள்ளிய கையெல்லாம் துரு. அடுக்களையிலிருந்து தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து, பிள்ளைத் தலைக்கு வைப்பதுபோல விரல் நுனியில் தொட்டுத்தொட்டு வைத்தாள், மேலும் கீழும் அசைத்தாள், கொஞ்சம் பொறுத்தாள், மறுபடி அசைத்தாள். முன்னறையில் கம்ப்யூட்டர் ஒரு தரம் இருண்டு, திரும்ப வெளிச்சமாகி, வரவேற்கிறோம் என்று அவள் பெயரைப் போட்டது. அவர் வந்தால்? சொல்லாமல் வந்து நின்றால்? மழையில், கரடி பொம்மையோடு, சாவி இருந்தும் திறக்காத கதவின்முன்? வரட்டும். சாவி போட்டுப் பார்க்கட்டும், திறக்கவில்லை என்றால் தட்டட்டும். தட்டினால் கேட்கிற தூரத்தில்தான் படுக்கிறாள். எழுந்து, யாரது என்று கேட்டு, குரலை அடையாளம் தெரிந்தால், திறப்பாள். யாரு உள்ள இருந்தா என்று கேட்டால், நான் இருந்தேன், ஒங்க மவ இருந்தா என்று சொல்லுவாள். உள்ளங்கையை இரும்பில் அழுத்தி, உடம்பையும் சேர்த்துக் கொடுத்து, ஒரு தள்ளுத் தள்ளினாள். தாழ்ப்பாள் கிறீச்சிட்டு, எதிர்ச் சட்டத்தின் துளைக்குள் முழுசாக இறங்கியது.